எடைமேடையும் பிரிண்டரும் பெயர் மாற்றிக்கொள்கின்றன

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் சின்ன எடை நிலையம் எங்களுடையது. உபுண்டு 22.04 லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில் எடைமேடை, ரசீது பிரிண்டர் இரண்டுக்கும் சிஎச்340 சிப் உள்ள யூஎஸ்பி சீரியல் ஒயர். இரண்டு வாரமாக, கரண்ட் போய் வந்தால் லினக்ஸ் இந்த ஒயர்களுக்கு வைக்கும் டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்யூஎஸ்பி1 என்ற பெயர்கள் இடம் மாறிவிடுகின்றன. எடை கேட்டால் பிரிண்டர் காகிதத்தைத் துப்புகிறது!

முதலில் டிவைஸ் ஃபைலே வரவில்லை; பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் நிரலை நீக்கியதும் வந்தது. சீரியல் போர்ட்டுக்கு அனுமதி தரும் டயலவுட் குழுவிலும் சேர்ந்தாயிற்று. சீரியல் டெர்மினல் நிரலான மினிகாமை விட்டு பிகோகாமுக்கு மாறினேன். 9600 வேகத்தில் எடை சுத்தமாக வருகிறது, அதனால் டெர்மினல் மேல் பழியில்லை. கருவிக்கு நிலையான பெயர் வைக்க யூடெவ் விதி எழுதலாம் என்றால் இரண்டு ஒயருக்கும் ஒரே ஐடி, சீரியல் எண்ணே கிடையாது. சரி, போர்ட் வழியாகப் பெயர் வைத்தேன். தம்பி ஒயரை வேறு துளையில் செருகினான், அதுவும் போச்சு.

இந்த ஒயர்களையே பிரித்தறிய வழி உண்டா, இல்லை சீரியல் எண் உள்ள எஃப்டிடிஐ சிப் ஒயர்தான் வாங்க வேண்டுமா?