ஒன்பது மணிக் கட்டம்

அல்சூரிலிருந்து:

என் அம்மாவுக்கு 81 வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய், தினமும் இரண்டு வேளை இன்சுலின். தொடை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு, நானும் மனைவியும் வேலைக்குச் செல்வதால், பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தோம். சேர்ப்பதற்கு முன் நான் பார்த்தவை மூன்று: அறையில் வெளிச்சம் இருக்கிறதா, குளியலறையில் கைப்பிடி உண்டா, சாம்பாரில் வெல்லம் போடுகிறார்களா. மூன்றாவது அம்மாவின் கேள்வி.

மூன்றாவது வாரம், ஒரு மாலை ஐந்து மணிக்குச் சென்றபோது, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய மருந்து அட்டவணையை எடுத்துப் புரட்டினேன். அன்றிரவு ஒன்பது மணி மாத்திரைக்கான கட்டத்தில் ஏற்கெனவே கையொப்பம் இருந்தது. காலை, மதியக் கட்டங்களில் இருந்த அதே நீல மை. பகல் நேர சிஸ்டரிடம் கேட்டதற்கு, "நைட் டியூட்டியில் எழுத மறந்துவிடுகிறார்கள் சார், அதனால் நாங்களே முடித்துவிட்டுப் போகிறோம்" என்றார். அவர் மறைக்க முயன்றிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நான் எழுத்தில் புகார் கொடுக்காமல் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். அது என் தவறு.

பத்து நாள் கழித்து, இரவு ஏழரை மணிக்கு இன்சுலின் போட்டுவிட்டார்கள். சமையற்காரர் வராததால் சாப்பாடு வர எட்டே முக்கால் ஆகியிருக்கிறது. இடையில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்தது. "படபடன்னு வருது, கண்ணை இருட்டுது" என்று அவர் சொன்னது அங்கிருந்த உதவியாளருக்கு விளங்கவில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்து அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அம்மாவுக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று நினைத்து மின்விசிறியைக் கூட்டி, சன்னலைத் திறந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை மணியை அடித்து, தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சர்க்கரை கொண்டுவரச் சொல்லிக் கத்திய பிறகுதான் குளுக்கோமீட்டர் வந்தது. ரத்தச் சர்க்கரை அளவு 52. எழுபதுக்குக் கீழே போனாலே உடனடியாகச் சர்க்கரை கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கால்மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 84க்கு ஏறியிருந்தது. மறுநாள் நான் பார்த்த பதிவேட்டில், இரவு உணவு 7.45 என்று எழுதியிருந்தார்கள். நடந்ததை எனக்குச் சொன்னவர் அந்த ஆசிரியை. இல்லத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. இரண்டு மாடிகளில் பதினான்கு பேரை இரவில் ஒருத்தி எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்? நிர்வாகத்திடம் மூன்று விஷயங்களை எழுதிக் கேட்டேன்: சாப்பாட்டுத் தட்டு கண்ணில் பட்ட பிறகே இன்சுலின் போட வேண்டும், குளுக்கோமீட்டரும் சர்க்கரையும் அதே மாடியில் இருக்க வேண்டும், இரவில் மாடிக்கு ஒருவராவது விழித்திருக்க வேண்டும். அம்மா சொல்லக்கூடிய தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்திலும் கன்னட எழுத்திலும் ஓர் அட்டையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று குறித்துக் கட்டிலில் ஒட்டினேன். அட்டைக்கு உடனே சம்மதித்தார்கள். இரவு ஆள் மட்டும் கடைசிவரை வரவில்லை. அம்மாவை வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டோம்.

ஜெயநகரிலிருந்து:

நீங்கள் சொன்ன கட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். பக்கவாதத்தால் படுத்துவிட்ட என் மாமனாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். இல்லத்தின் ஏட்டில் 2.00, 4.00, 6.00 என்று நிமிடம் பிசகாமல் பதிவாகியிருந்தது. இவ்வளவு கச்சிதம் ரயில்வே கால அட்டவணையில்தான் இருக்கும். ஒருநாள் வேட்டி மாற்றும்போது வால் எலும்புப் பகுதி சிவந்திருந்தது. விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் நிலை அதுதான். காற்று மெத்தை போட்டிருக்கிறோமே என்று பதில் சொன்னார்கள். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தபோது, மெத்தையின் பம்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே யாரோ கைபேசியைச் சார்ஜில் போட்டிருந்தார்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

சட்டம் இல்லையா என்று கேட்பவர்களுக்காக ஒரு குறிப்பு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும்படி, மாநில அரசு அமைக்கலாம் என்பது அதன் 19ஆம் பிரிவு. பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்வதும் அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுப்பதும் 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதாவில் இருந்தன, அது சட்டமாகவில்லை. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இரவுப் பணியாளர் எண்ணிக்கையை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அல்சூரிலிருந்து, மீண்டும்:

புதிய இல்லத்தை முதல்முறை பார்க்க, சொல்லாமல் இரவு ஒன்பதரைக்குச் சென்றேன். காவலாளி தடுத்தார், ஆனால் மேலே விளக்கு எரிந்தது, சிஸ்டர் தாமே இறங்கி வந்து அழைத்துப் போனார். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். சென்ற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது மணிக் கட்டம் காலியாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்த அம்மா, "அதுல என்னடா இருக்கு, ஒண்ணும் எழுதலையே" என்றார்.