பென்யமீனுக்கு ஐந்து பங்கு: பெற்றோரின் பட்சபாதத்துக்கு அது சாக்காகுமா?

லேயாளின் மகள்:
எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. பிள்ளைகளில் ஒருவர்மேல் பெற்றோருக்குக் கூடுதல் பட்சம் இருப்பது இயல்புதான், அதில் பாவம் இல்லை, குறை சொல்லும் மற்றப் பிள்ளைகளிடம்தான் பொறாமை இருக்கிறது என்கிறார். ஆதாரம் ஆதியாகமம் 43ஆம் அதிகாரமாம்: அண்ணன்மாரால் விற்கப்பட்டு எகிப்தில் அதிகாரியான யோசேப்பு, தன்னை அடையாளம் தெரியாமல் தானியம் வாங்க வந்த அவர்களுக்கு விருந்து வைத்து, மற்றச் சகோதரர்களைவிடத் தன் ஒரே தாய் வயிற்றுத் தம்பி பென்யமீனுக்கு ஐந்து மடங்கு பங்கு கொடுத்தான், தேவமனிதனே அப்படிச் செய்தபோது நாம் செய்தால் என்ன என்று கேட்கிறார்.

அந்த ஐந்து பங்கு நாம் பின்பற்றவேண்டிய முன்மாதிரி அல்ல. தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டைப் பிடித்திருந்த நோய் அது. யோசேப்பின் தாத்தா ஈசாக்குக்கு மூத்த மகன் ஏசா, பாட்டி ரெபெக்காளுக்கு இளைய மகன் யாக்கோபு என்று வீடு இரண்டானது. அதில் அடிபட்டு ஊரைவிட்டே ஓடிய யாக்கோபு, யோசேப்பு முதலான தன் பிள்ளைகளிடமும் அதையே செய்தான். ஏசாவைச் சந்திக்கப் பயந்து போனபோது பணிவிடைக்காரிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் முன்னால் நிறுத்தினான். அடுத்து, பிரியமில்லாத மனைவி லேயாளையும் அவள் பிள்ளைகளையும். எல்லாருக்கும் பின்னால் பிரியமான மனைவி ராகேலையும் அவள் மகன் யோசேப்பையும். யார் முதலில் வெட்டுப்படலாம் என்று தகப்பன் போட்ட வரிசையை அந்தப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். அவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று பழிப்பதற்கு முன் அந்த வரிசையில் நின்று பாருங்கள்.

வேதவாசகன்:
சகோதரி, உணர்ச்சிவசப்பட்டு வேதத்தை வாசிக்கக்கூடாது. குரல்பதிவு அனுப்பியவர் சொன்னதும் தவறு, தாங்கள் சொல்வதும் தவறு. அந்த ஐந்து பங்கு ஒரு சோதனை. சகோதரர்களை மூத்தவன் முதல் இளையவன்வரை வயதின்படி உட்காரவைத்து, கடைசியில் இருந்தவனுக்கு எல்லாரையும்விட அதிகமாகக் கொடுத்தால், ராகேலின் இன்னொரு மகனையும் இவர்கள் பகைக்கிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். பிறகு தன் வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீனின் சாக்கில் ஒளித்துவைத்து, திருடன் என்று அவனை அடிமையாகப் பிடிக்கப் பார்த்ததும் அதே சோதனையின் அடுத்த படிதான். சிறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் படித்தவர்களுக்கே தெரிந்த இந்த விளக்கத்தை விட்டுவிட்டு நோய் என்று எழுதுவது யோசேப்பை அவமதிப்பதாகும்.

லேயாளின் மகள்:
ஐயா, ஞாயிறு பள்ளியில் நானும் படித்திருக்கிறேன், பல ஆண்டுகள் பாடமும் எடுத்திருக்கிறேன். ஐந்து பங்கு சோதனை என்றே வைத்துக்கொள்வோம். 45ஆம் அதிகாரத்தில் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தி, அழுது, எல்லாரையும் முத்தமிட்ட பிறகு சோதனை முடிந்துவிட்டது. அதன்பின் 22ஆம் வசனத்தில் என்ன நடக்கிறது? மற்றவர்களுக்கு ஆளுக்கு மாற்றுவஸ்திரங்கள். பென்யமீனுக்கு மட்டும் முந்நூறு வெள்ளிக்காசும் ஐந்து மாற்றுவஸ்திரங்களும். இது எந்தச் சோதனை? தகப்பன் தனக்கு மட்டும் கொடுத்த ஒரு அங்கியினால் அண்ணன்மாரின் பகைக்கு ஆளாகிக் குழியில் விழுந்தவன், தம்பிக்கு ஐந்து வஸ்திரங்களைக் கொடுத்து அண்ணன்மாரோடு அனுப்புகிறான். வழியிலே சண்டைபண்ணிக்கொள்ளாதிருங்கள் என்று அவனே அவர்களுக்குச் சொல்லியனுப்புகிறான். சண்டை வரும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

வேதவாசகன்:
மீண்டும் சொல்கிறேன், ஐந்து பங்கு சோதனை. முந்நூறு வெள்ளிக்காசு வேறு விஷயம். அவனை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றவர்கள் அண்ணன்மார். பென்யமீனுக்கு அதில் பங்கில்லை. ஒரே தாய் வயிற்றுத் தம்பிக்கு அண்ணன் ஆசையாய்க் கொடுத்ததைப் பெற்றோரின் பட்சபாதத்தோடு சேர்த்துக் குழப்புகிறீர்கள். தசமபாகம் பற்றிய விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றீர்கள். அதை நான் மறக்கவில்லை.

குழித்துறைக்காரன்:
பென்யமீனின் தட்டை விட்டுவிட்டு நம் வீட்டுத் தட்டைப் பார்ப்போம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும், 1949 முதல் 1956வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த நாடு. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால்பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் வாங்கிப் போனவளுக்கு அதுவும் கிடையாது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் உச்ச நீதிமன்றம்வரை சென்று போராடியதால்தான், 1986இல், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பு வந்து மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு கிடைத்தது. யோபு தன் குமாரத்திகளுக்கு அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் என்று வாசித்துக்கொண்டே நாம் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தோம்? இன்றும் உயில் எழுதி மகளை ஒதுக்கச் சட்டத்தில் தடையில்லை. எங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்த அப்பாவுக்குப் புண் துடைத்து, கஞ்சி ஊட்டி, ராத்திரி முழுவதும் விழித்திருந்தது அக்காள்; வீடும் தோப்பும் என் பெயருக்கு வந்தன. அப்பா அடங்கிய மறுவாரம், அக்காளை உட்காரவைத்துப் பாதியை எழுதிக்கொடுத்தேன். உயிலை எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசிக்கும் துணிவு பெற்றோருக்கு இருந்தால், பாதிப் பட்சபாதம் அன்றைக்கே போய்விடும்.

வேதவாசகன்:
தம்பி, தாங்கள் அக்காளுக்குக் கொடுத்தது நல்லது. அதை இங்கே எழுதிக் காட்டவேண்டிய அவசியம் இல்லை. நாம் வேதத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது நீதிமன்றத்தை ஏன் இழுக்கிறீர்கள்? விசுவாசிகள் வழக்காடுவதைப் பவுல் கண்டித்திருக்கிறார். ஐந்து பங்கு சோதனையா இல்லையா, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

குழித்துறைக்காரன்:
சகோதரியின் பங்கை விழுங்கியவர்கள்தான் பவுலின் அந்த வசனத்தை முதலில் எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் பலமுறை பார்த்துவிட்டேன். பிரியமில்லாத மனைவியின் மகன் மூத்தவனாயிருந்தால் அவனைத் தள்ளிவிட்டுப் பிரியமானவளின் மகனை மூத்தவனாக்கக்கூடாது என்று உபாகமம் 21இல் தேவனே சட்டம் கொடுத்திருக்கிறார். தகப்பனின் மனத்தை நம்பி அவர் அதை விட்டுவிடவில்லை.

எழுத்தாணி:
நீங்கள் மூவரும் யோசேப்பின் அண்ணன் யூதாவைப் பார்க்கத் தவறுகிறீர்கள். 44ஆம் அதிகாரத்தில் யோசேப்புக்கு முன்னால் நின்று பேசும்போது, தன் தகப்பன் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்கிறான்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். யூதா லேயாளின் மகன். அந்த இரண்டு பிள்ளைகளில் அவன் இல்லை. மனைவி என்ற கணக்கில் அவனைப் பெற்றவளும் இல்லை. அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன், அவன் தகப்பனிடம் போகட்டும் என்கிறான். தகப்பன் மாறவில்லை, மகன் மாறினான். யோசேப்பு அடக்கமாட்டாமல் அழுதது அதைக் கேட்ட பிறகுதான். பட்சபாதத்தைக் கிறிஸ்தவன் மேற்கொள்ளும் வழி அதுவே என்று நான் நம்புகிறேன்.

லேயாளின் மகள்:
யூதாவை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த வழியைப் பிரசங்கபீடத்திலிருந்து சொல்லும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்: காயப்பட்ட பிள்ளையே மன்னிக்கவேண்டும், தியாகமும் செய்யவேண்டும், காயப்படுத்திய தகப்பனுக்கு ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமசுக்குத் தம்பிக்கு டவுனில் பெரிய கடையில் எடுத்த சட்டை. அக்காளுக்கும் எனக்கும் ஒரே துணியில் வெட்டித் தைத்த பாவாடை, அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று கீழே மடித்துத் தைத்திருப்பார்கள். பொறுத்துக்கொள், நீ பெரியவள் என்ற வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

பெற்றோருக்கும் வேதம் பேசுகிறது. பிள்ளைகள் மனமடிவாகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயரில் பிதாக்களுக்குத்தான் எழுதியிருக்கிறது. லூக்கா 15இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளையவனுக்குத் தகப்பன் விருந்து வைத்ததால் மூத்த குமாரன் கோபித்துக்கொண்டு வெளியே நின்றபோது, பொறாமைக்காரன், நிற்கட்டும் என்று தகப்பன் விட்டுவிடவில்லை; விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்து அவனை வருந்தியழைத்தான். எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நீர் கொடுக்கவில்லையே என்று அவன் சொன்னதை முழுவதும் கேட்டான். நான் பெற்றோரிடம் கேட்பது அந்த ஒன்றைத்தான்: எழுந்து வெளியே வாருங்கள், குறையைக் காதால் கேளுங்கள்.

எழுத்தாணி:
நான் தகப்பனை விடுவிக்கவில்லை. நான் எழுதாததை எழுதியதாகச் சொல்வது நியாயமல்ல. தகப்பன் வெளியே வரும்வரை மகன் கசப்போடு வாசலிலேயே நிற்கவேண்டுமா? சில தகப்பன்மார் வராமலேயே மண்ணுக்குள் போய்விடுகிறார்கள்.

லேயாளின் மகள்:
அப்படிப் போனவர்களின் கல்லறையில் அன்பான தகப்பன் என்று பொறித்துவைக்கும் சபைகளைத்தான் நான் கேட்கிறேன்.

வேதவாசகன்:
பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. லூக்கா 15 மனந்திரும்புதலைப் பற்றிய உவமை; குடும்பத்தில் பங்கு பிரிப்பதைப் பற்றியது அல்ல. கடைசியாகச் சொல்கிறேன், ஆதியாகமம் 43:34 சோதனை. எத்தனை பேர் எத்தனை முறை எழுதினாலும் அது சோதனைதான்.

லேயாளின் மகள்:
தாங்கள் கடைசியாகச் சொல்வது இது முதல் முறை அல்ல, ஐயா. ஐந்து பங்கைச் சோதனை என்று எழுதிக்கொண்டேயிருங்கள். முந்நூறு வெள்ளிக்காசு பெற்றோர் கொடுத்ததல்ல என்றீர்கள்; அந்தக் கையை அவனுக்குப் பழக்கியது யார் என்று கேட்கிறேன், அதற்குப் பதில் எழுதுங்கள்.