முதல் படப் புத்தகம், முதல் நான்கு பக்கத்திலேயே சிக்கல்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

மைத்துளி (கேள்வி)

வணக்கம். ஆறு வருஷமாகப் பத்திரிகைகளுக்குத் துணுக்குப் படங்கள் வரைகிறேன். இப்போதுதான் ஒரு முழுப் படப் புத்தகம் கிடைத்திருக்கிறது. 32 பக்கம், கதை நானூறு சொல்கூட வராது, ஐந்து மாத அவகாசம். கதை வந்த அன்றே சந்தோஷத்தில் உட்கார்ந்து நான்கு பக்கத்தை வாட்டர் கலரில் முடித்துவிட்டேன். நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், முதல் பக்கத்தில் ஐந்து வயதாக இருக்கும் பெண் நான்காம் பக்கத்தில் எட்டு வயதாகத் தெரிகிறாள். இதற்கிடையில் பதிப்பாசிரியர் "ரஃப் எப்போது வரும்?" என்று கேட்கிறார். நான் ரஃப் (பென்சில் முன்வரைவு) போடவே இல்லை.

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? இன்னொன்று, ஒப்பந்தத்தில் "ஒரே தவணைத் தொகை, பதிப்பாளர் திருப்தி அடையும் வரை திருத்தம்" என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

வெள்ளைத்தாள்

அந்த நான்கு படத்தையும் கிழித்துவிடாதீர்கள். ஒரு உறையில் போட்டு வையுங்கள், பின்னால் வண்ணக் கலவைக்கு உதவும். இப்போதைக்குத் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எட்டு வெள்ளைத் தாள் எடுங்கள். அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு தையல் போட்டால் 32 பக்கம் வந்துவிடும். அச்சில் பாரத்துக்கு (ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களுக்கு) 16 பக்கம் என்று இரண்டு பாரமாக ஓடுவதால்தான் பெரும்பாலும் இந்தக் கணக்கு. தலைப்பு, உரிமை விவரம் எல்லாம் போக, கதைக்கு 12 முதல் 14 விரிவுகள் மிஞ்சும் (எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிவு). கதையின் வரிகளைக் கத்தரித்து அந்த டம்மியில் (மாதிரிப் புத்தகத்தில்) ஒட்டுங்கள். ஒட்டி, பிய்த்து, வேறு பக்கத்தில் ஒட்டுங்கள். நான் 22 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இன்றைக்கும் முதல் மூன்று வாரம் எனக்கு இதுதான் வேலை.

இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். என்னிடம் வந்த ஒரு கதையில் "கதவு மெல்லத் திறந்தது" என்று ஒரு வரி. உள்ளே யானை. முதல் டம்மியில் கதவும் யானையும் ஒரே விரிவில் இருந்தன. அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாசித்துக் காட்டினேன். நான் வரிக்கு வருவதற்குள் அவள் யானையைப் பார்த்துவிட்டாள், அதற்கப்புறம் கதவைப் பற்றி அவளுக்கு என்ன கவலை? கதவை வலப்பக்கத்துக்குத் தள்ளி யானையைத் தாள் திருப்பிய பிறகு வைத்தேன். அடுத்த முறை பக்கத்தைத் திருப்பவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாள் திருப்பும் அந்த நொடியை எழுதியவர் உண்டாக்க முடியாது, அது நம் கையில்தான் இருக்கிறது.

வயது மாறுகிற விஷயம். படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், நான்காம் பக்கத்தில் கண்கள் மேலே ஏறியிருக்கும். சின்னக் குழந்தைக்கு நெற்றி பெரிது, கண் முகத்தின் பாதிக்குச் சற்றுக் கீழே உட்காரும். அது ஏற ஏற வயது கூடும். மொத்த உடம்பு எத்தனை தலை உயரம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் (என் சிறுவர்கள் நாலரைத் தலை). ஒரே தாளில் அந்தப் பெண்ணை முன்னால், பின்னால், பக்கவாட்டில், உட்கார்ந்து, ஓடி, அழுது வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். பக்கத்திலேயே உடை விவரமும் இருக்கட்டும். என் மூன்றாவது புத்தகத்தில் ஒரு பையனின் சட்டைக்கு மூன்று மஞ்சள் பொத்தான். 18-ஆம் பக்கத்தில் இரண்டுதான். நானும் பதிப்பாசிரியரும் எத்தனை தடவை பார்த்தோம்! யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாலு வயசுப் பையன் விரலை வைத்து "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டான். வாசிக்கத் தெரியாத குழந்தை படத்தை வரி வரியாகப் படிக்கும். அந்த வாசகருக்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டும்.

வண்ணத்துக்கு எனக்கு விரிவுக்கு மூன்று நாள், 14 விரிவுக்கு 42 நாள். பகல் வெளிச்சத்தில் மட்டும் தீட்டுவேன். விளக்கின் கீழே தீட்டிய மஞ்சளைக் காலையில் நம்ப முடியாது. மாலையில் ஸ்கேன், மின்னஞ்சல், பில். உங்கள் ஐந்து மாதத்தில் டம்மிக்கும் ரஃபுக்கும் இரண்டு மாதம் தாராளமாக விடுங்கள். பதிப்பாசிரியருக்கு இன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். ரஃப் தாமதமானால் அவர் பொறுத்துக்கொள்வார், வண்ணம் முடிந்த பிறகு மாற்றச் சொல்வது அவருக்கும் சங்கடம்.

ஒப்பந்தத்தில் அப்படியே கையெழுத்து வேண்டாம். ரஃபில் இரண்டு சுற்று, வண்ணத்தில் ஒரு சுற்று, அதற்கு மேல் தனித் தொகை என்று எழுதிக் கேளுங்கள். ராயல்டி (விற்கும் பிரதிகளுக்கு ஏற்ற பங்கு) பற்றிக் கேட்டுப் பாருங்கள். அசல் படங்கள் உங்களுடையவை என்று ஒரு வரி. அட்டையில் எழுத்தாளர் பெயரோடு உங்கள் பெயர். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அமெரிக்காவில் சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் 1922-லேயே வந்துவிட்டது, படம் வரைபவருக்கான கால்டெகாட் 1938-ல்தான். உலக அளவில் ஆண்டர்சன் விருதும் எழுத்தாளருக்கு 1956, ஓவியருக்கு 1966. நமக்கு எல்லாமே கேட்டுக் கேட்டு வந்ததுதான்.

கடைசி ப்ரூஃபை (அச்சுக்கு முந்தைய சோதனைப் படியை) நீங்கள் பார்த்த பிறகே அச்சு என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை எனக்கு ப்ரூஃப் காட்டாமல் அச்சேற்றிவிட்டார்கள். புத்தகத்தைப் பிரித்தால் பாட்டியின் முகம் சரியாக நடுமடிப்பில். மூக்கையே காணோம். அந்த முகத்துக்காக நான் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். இன்றும் அந்தப் புத்தகத்தை யாருக்கும் கொடுக்க மனசு வருவதில்லை.

அச்சுமை

நான் புத்தக வடிவமைப்பாளர். அக்கா சொன்ன நடுமடிப்போடு இன்னும் சில. விளிம்பு வரை போகும் படத்தை நாலு பக்கமும் குறைந்தது 3 மி.மீ. கூடுதலாக வரையுங்கள், வெட்டும்போது போய்விடும். ஸ்கேன் அச்சளவில் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு) குறைய வேண்டாம். திரையில் பளபளக்கும் பச்சையும் நீலமும் சிஎம்ஒய்கே-வில் (அச்சின் நான்கு மை வண்ணங்களில்) மங்கும், முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: படத்துக்குள் எழுத்து எழுதாதீர்கள். கடைப் பலகை, கடிதம் எதிலும் வேண்டாம். வேறு மொழியில் பதிப்பு வரும்போது எழுத்து இருக்கும் கறுப்பு மைக்கான அச்சுத் தகட்டை மட்டும் மாற்றி, மற்ற மூன்று வண்ணத்தை அப்படியே ஓட்டுவார்கள். எழுத்து படத்தோடு கலந்திருந்தால் அது நடக்காது. வரிகளுக்கு இடம் விடும்போதும் தாராளமாக விடுங்கள், மொழிபெயர்ப்பில் நீளம் கூடலாம்.

மைத்துளி

அக்கா, நேற்று இரவே டம்மி தைத்துவிட்டேன். கண் விஷயம் அப்படியே! அளந்து பார்த்தேன், நான்காம் பக்கத்தில் ஏறித்தான் இருக்கிறது. வரிகளை ஒட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவள் தொலைத்த குடை கிடைக்கும் இடம் இடப்பக்கத்தில் விழுகிறது, அதற்கு முந்தைய விரிவில் வரிகள் நெருக்கியடிக்கின்றன. இரண்டு வரியை எடுத்துவிடலாமா என்று எழுத்தாளரைக் கேட்கலாமா, அல்லது அது அதிகப்பிரசங்கித்தனமா?

வெள்ளைத்தாள்

கேளுங்கள், ஆனால் பதிப்பாசிரியர் வழியாக. டம்மியின் அந்த இரண்டு விரிவையும் போட்டோ எடுத்து, வரிகள் இருக்கும்படி ஒன்று, இல்லாதபடி ஒன்று அனுப்புங்கள். விளக்கம் நீளமாக எழுத வேண்டாம். குடை கிடைப்பது இடப்பக்கத்தில் விழுவது நல்லதுதான், தாள் திருப்பியதும் கண் முதலில் அங்கேதான் போகும். அதற்கு முந்தைய வலப்பக்கத்தில் அவளை எங்கே பார்க்க வைத்திருக்கிறீர்கள்? தாளின் வலது ஓரத்தைப் பார்க்கட்டும். வரைந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.