ஒரு எழுத்துக்காகக் கேட்ட துஆ

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே பலரும் பரீட்சைக்கு முன்னால் ஓதிய துஆவை, அதாவது அல்லாஹ்விடம் கேட்ட வேண்டுதலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது ஒரே ஒரு எழுத்து சம்பந்தப்பட்டது.

46 வயதில் தஜ்வீத் வகுப்பில், அதாவது குர்ஆனைச் சரியான உச்சரிப்போடு ஓதக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தேன். சின்ன வயதில் ஓத்துப்பள்ளியில் குர்ஆன் முடித்தவள்தான். ஆனாலும் முதல் நாளே ஆலிமா (வகுப்பெடுக்கும் பெண் ஆசிரியர்) குர்ஆனின் முதல் சூராவான (அத்தியாயம்) ஃபாத்திஹாவின் கடைசி வார்த்தையில் நிறுத்திவிட்டார். "லாத்தா (அக்கா), ளாத்தை நம்ம தமிழ் 'ள'வாவே சொல்றீங்க." தமிழ் ளகரத்துக்கு நாக்கு நுனியை மடிக்கிறோம். ளாத் என்ற அரபு எழுத்துக்கோ நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட வேண்டும். கட்டாயத் தொழுகையான ஃபர்ளு மட்டுமே நாளைக்கு 17 ரக்அத் (தொழுகைச் சுற்று). அத்தனையிலும் ஓதுகிற சூரா. இத்தனை வருஷமா இப்படியா ஓதினோம் என்று கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அடுப்படியிலும் அதே பாடம்தான். உம்மா சொல்லித் தந்த 'ரப்பி ஸித்னீ இல்மா'வை ஓயாமல் கேட்டேன். மூன்று வாரமாகியும் எழுத்து வரவில்லை. ஆலிமாவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"அந்த துஆ எந்த ஆயத்துல வருதுன்னு பாத்திருக்கீங்களா லாத்தா?" என்று கேட்டார். தாஹா சூரா, 114-ஆவது ஆயத் (வசனம்). வஹீ (இறைச்செய்தி) இறங்கி முடிவதற்கு முன் குர்ஆனை ஓத அவசரப்படாதீர் என்று நபி (ஸல்) அவர்களிடம் சொல்லிவிட்டு, அதே ஆயத்தில்தான் 'என் இறைவா, எனக்குக் கல்வியை அதிகமாக்கு' என்று கேட்கச் சொல்கிறான் அல்லாஹ். சின்னப் பிள்ளையிலிருந்து அந்தப் பின்பாதியை மட்டுமே ஓதி வந்திருக்கிறேன். முன்பாதி எனக்கென்றே இறங்கியது போல இருந்தது.

திக்கித் திணறிக் கஷ்டப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்ற ஹதீஸையும் (நபிமொழி) அன்றுதான் ஆலிமா சொன்னார். இப்போது மூஸா நபியின் துஆவையும் சேர்த்துக் கேட்கிறேன். அதே சூராவில் 25 முதல் 28 வரை, 'என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு' என்று வருமே, அது. ளாத் பத்துக்கு ஏழு தடவை சரியாக விழுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

*

லாத்தா எழுதியதைப் படித்ததும் எனக்கும் சொல்லத் தோன்றியது. நான் வளைகுடாவில் டிரைவிங் டெஸ்டில் நான்கு தடவை தோற்றவன். ரூம்மேட் ஒருவர் கற்றுக்கொடுத்த துஆ: 'அல்லாஹும்ம லா ஸஹ்ல இல்லா மா ஜஅல்தஹு ஸஹ்லா'. யா அல்லாஹ், நீ எளிதாக்கியதைத் தவிர எளிதானது எதுவுமில்லை என்று அர்த்தம். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வருகிற கை நடுக்கம், அதை ஓத ஆரம்பித்த பிறகு நின்றது. பார்க்கிங்குக்கு மட்டும் கூடுதலாக 6 கிளாஸ் போக வேண்டியிருந்தது. ஐந்தாவது டெஸ்டில் பாஸ்.