பொல்சாவா, பொல்சோவா? ஸ்பானிஷில் 'பை' குழப்பம்

கேள்வி:
ஸ்பானிஷ் ஓரளவு பேச வந்துவிட்டது, ஆனால் இந்தப் பை விஷயத்தில் மட்டும் தலை சுற்றுகிறது. பாடப்புத்தகத்தில் கைப்பைக்கு பொல்சோ என்று போட்டிருக்கிறது. ஆன்லைனில் சொல்லித்தரும் மெக்சிகோ டீச்சர் தன் கைப்பையை பொல்சா என்கிறார். கூட வேலை பார்க்கும் அர்ஜென்டினாப் பெண்ணைக் கேட்டால் இரண்டும் இல்லை, கர்த்தேராவாம். நான் வேலைக்காக மாட்ரிட் போகப்போகிறேன். அங்கே கடையில் பை கேட்க எதைச் சொல்வது? பெரிய பை, சின்னப் பை என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

பதில்:
அளவுக் கணக்கெல்லாம் இல்லை. ஆண்பால் பெண்பால் பார்த்தும் புரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் பெண்கள் தோளில் மாட்டும் கைப்பைதான் அங்கே ஆண்பால்: எல் பொல்சோ ('எல்' ஆண்பால் சொல்லுக்கு முன்னால் வரும், 'லா' பெண்பாலுக்கு). ஸ்பெயினில் பிளாஸ்டிக், காகிதம், துணி என்று தொளதொளவென்று இருப்பதெல்லாம் லா பொல்சா. குப்பைப் பை, சிப்ஸ் பாக்கெட், காய்கறிக்குக் கொண்டுபோகும் துணிப்பை எல்லாம் அதில் அடக்கம், டீ பேக்கூட பொல்சீத்தா தெ தே. கடையில் பில் போடுபவர் "கியேரெஸ் பொல்சா?" (பை வேண்டுமா?) என்றுதான் கேட்பார், "சீ, ஊனா பொல்சா, போர் ஃபவோர்" (ஆமாம், ஒரு பை, தயவுசெய்து) என்றால் போதும். ஆனால் சும்மா தரமாட்டார்கள், 2018 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்கவேண்டும் என்பது சட்டம். அங்கே போய் பொல்சோ கேட்டால் ஹேண்ட்பேக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். இதற்கும் விதிவிலக்கு உண்டு: ஜிம்முக்குத் தூக்கிப்போகும் பை கைப்பிடி வைத்த நல்ல பையாக இருந்தாலும் பொல்சாதான், அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அப்புறம் செய்தித்தாளில் 'லா பொல்சா' ஏறியது என்று போட்டிருந்தால் அது பங்குச் சந்தை.

இன்னொரு பதில்:
உங்கள் டீச்சர் சொல்வதும் சரி, அந்த அர்ஜென்டினாப் பெண் சொல்வதும் சரி. மெக்சிகோவில் கடைப்பை, கைப்பை, ஏன், பேன்ட் பாக்கெட்டைக்கூட பொல்சா என்பார்கள். அர்ஜென்டினா, சிலி, பெரு பக்கம் கைப்பை என்றால் கர்த்தேரா. ஆனால் ஸ்பெயினில் கர்த்தேரா என்பது நோட்டும் கார்டும் வைக்கிற பர்ஸ். அதனால் மாட்ரிட் மெட்ரோவில் கைப்பை பறிபோய், போலீஸில் "மி கர்த்தேரா" (என் கர்த்தேரா) என்று புகார் கொடுத்தால் பர்ஸ் மட்டும் போனதாக எழுதிக்கொள்வார்கள், இதை மட்டும் மறக்காதீர்கள். ஈக்வடாரிலும் டொமினிகன் குடியரசிலும் கடைப்பைக்கு ஃபுந்தா என்பார்கள். அதே ஃபுந்தா ஸ்பெயினில் தலையணை உறை, போன் கவர். இத்தனையையும் இப்போதே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம், போகிற ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி, இப்போது தெளிவாகிவிட்டது. லேப்டாப் பைக்கு என்ன சொல்வது? அது பொல்சோவா? நான் ஆண் என்பதால் கேட்கிறேன், கடையில் பெண்கள் பகுதிக்கு அனுப்பிவிடப் போகிறார்கள்!

பதில்:
அனுப்பினாலும் அனுப்புவார்கள்! முதுகில் மாட்டுவது என்றால் மொச்சிலா, நம் 'பச்சை'யில் வரும் அதே ச்ச. கையில் பிடித்துப்போகும் ஆபீஸ் பெட்டி போன்றது மலெத்தீன். லேப்டாப்பை மட்டும் செருகிவைக்கும் மெல்லிய உறை ஃபுந்தா. குறுக்காகத் தொங்கவிடும் பையா, அது பந்தொலேரா.