மறு: "ஆயத்திருத்தம்" என்ற சொல் போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> கோஆர்டினேட் கரெக்‌ஷனுக்கு "ஆயத்திருத்தம்" என்றே வைத்துவிடலாமே. பள்ளியில் ஆய அச்சு படித்த எவருக்கும் புரியும்.

புரியும். ஆனால் எதைத் திருத்துகிறோம் என்பது அதில் தெரியாது. கணினியில் பாதி வேலை முடிந்த ஒரு முப்பரிமாணக் கட்டட மாதிரியில் ஆயங்கள், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள், தவறு என்று தெரியவந்தால் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, கட்டடத்தையே சரியான இடத்துக்கு நகர்த்துவது. மற்றது, கட்டடத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அந்த இடத்துக்கு நிலத்தில் என்ன எண் என்பதை மட்டும் மாற்றுவது. ஒரு புள்ளியைத் தொட்டு ஆயம் கேட்டால் இரண்டிலும் ஒரே விடைதான் வரும். பின்விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. "ஆயத்திருத்தம்" இரண்டையும் குறிக்கக்கூடிய சொல். அதனால்தான் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வழக்கமாக நடப்பதையே எடுத்துக்கொள்வோம். கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், குழாய் மற்றும் மின்பணிக் குழு என மூன்று தரப்பும் தனித்தனிக் கோப்பில் வேலை செய்கிறார்கள். ஆதிப்புள்ளி மேல் ஆதிப்புள்ளி வைத்து ஒன்றையொன்று இணைத்திருக்கிறார்கள். வரைபடங்களில் பல வெளியே போய்விட்டன. அப்புறம்தான் நில அளவையாளரின் கோப்பு வருகிறது. கிழக்கு, வடக்கு எண்கள் எதுவும் ஒத்துப்போகவில்லை, திசையும் சற்றே திரும்பியிருக்கிறது. பதற்றத்தில் கட்டடக்கலைஞர் தன் கோப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகர்த்திவிட்டால்? வெட்டுத்தோற்றம் எங்கே எடுக்கப்படுகிறது என்று காட்டும் வெட்டுக்கோடுகளில் தேர்வில் அகப்படாதவை பழைய இடத்திலேயே நின்று வெற்றிடத்தைக் காட்டும். தோற்றங்களின் எல்லைச் சட்டங்களும் அப்படியே. மற்ற இரு கோப்புகளும் நகராததால் தூண் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம் என்று பிரிந்துபோகும்.

அதற்குப் பதில், முதல் இரண்டு அச்சுக்கோடுகள் வெட்டும் புள்ளியைத் தொட்டு, அளவையாளர் தந்த கிழக்கு, வடக்கு, உயர மதிப்புகளை இட்டு, வடக்குக் கோணத்தையும் கொடுத்தால் ஒரு சுவர்கூட அசையாது. கட்டட மாதிரிகளை உருவாக்கும் ரெவிட் மென்பொருளில் "ஸ்பெசிஃபை கோஆர்டினேட்ஸ் அட் பாயிண்ட்" என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. மற்ற கோப்புகள் பிறகு அதே ஆயங்களைப் பெற்றுக்கொள்ளலாம். சரிபார்க்கும்போது ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரண்டு புள்ளிகளையாவது பார்க்க வேண்டும். ஒரே புள்ளி சரியாக இருந்தாலும் கட்டடம் அதைச் சுற்றித் திரும்பியிருக்கலாம்.

இந்தக் குழப்பம் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. நில அளவை ஆயங்களுக்கான குறியாக ரெவிட்டில் இருக்கும் அளவைப் புள்ளியை ("சர்வே பாயிண்ட்") எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணக் குறி, பக்கத்தில் ஒரு காகிதக் கவ்விப் படம். கவ்வி பூட்டியிருக்கும்போது அந்த முக்கோணத்தை இழுத்தால் எல்லாக் கோப்புகளும் பகிர்ந்துகொள்ளும் பொது ஆய அமைப்பே அதோடு நகர்கிறது; முக்கோணத்தின் எண்கள் மாறாது, கட்டடத்தின் எண்கள் மாறிவிடும். கவ்வியைத் திறந்துவிட்டு இழுத்தால் முக்கோணத்தின் எண்கள் மட்டும் மாறும், கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரே குறி, ஒரே இழுப்பு, விளைவு நேர் எதிர். இதைத் தமிழில் விளக்கி எழுத உட்காரும் ஒருவருக்கு "ஆயத்தைத் திருத்து" என்ற தொடர் எந்த வகையிலும் உதவாது.

எனக்கு வழி காட்டியது ஐஎஃப்சி, அதாவது வெவ்வேறு மென்பொருள்கள் கட்டட மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் பொதுக் கோப்பு வடிவம். 2013இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் மாதிரிக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு தனி உறுப்பாகவே வைக்கப்பட்டது. அதில் கிழக்கு, வடக்கு, உயரம் என மூன்று எண்கள், எக்ஸ் அச்சு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதற்கு இரண்டு எண்கள், விருப்பப்பட்டால் ஓர் அளவுவிகிதம். எந்த வரைபட வீழ்ப்பு (உருண்டையான புவியைத் தட்டையான வரைபடமாக்கும் முறை) என்பது பக்கத்தில் தனியாகச் சொல்லப்படுகிறது. சுவர், தூண், கூரை எதற்கும் இதில் வேலை இல்லை. திருத்த வேண்டியது அந்தச் சில எண்களைத்தான். அப்படியானால் அந்த உறவுக்கு முதலில் ஒரு பெயர் வைப்போம். அதைத் திருத்துவதற்கான சொல் தானாகவே அமையும்.

அதற்கு நான் முன்வைக்கும் சொல் "நிலப்பொருத்தம்". கட்டட மாதிரியின் உள் ஆயங்கள் நிலத்தின் ஆயங்களோடு எப்படிப் பொருந்துகின்றன என்பது. அதைச் சரிசெய்வது "நிலப்பொருத்தத் திருத்தம்". பொத்தானில் இட "நிலப்பொருத்து" என்ற ஏவல் போதும். கட்டடத்தையே நகர்த்துவதை "மாதிரி நகர்த்தல்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று உரசவில்லை.

> "ஆய மறுபிணைப்பு" இன்னும் அழகாக இருக்கிறதே?

அழகுதான் ஐயா, எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் கோப்புகளை ஒன்றோடொன்று சேர்ப்பதற்கு "இணைப்பு" என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். அப்படி இணைத்த கோப்பை முழுவதுமாக உள்ளே கரைத்துக்கொள்ளும் "பைண்ட்" கட்டளைக்குப் "பிணைப்பு" தேவைப்படும். இணைப்பு, பிணைப்பு, மறுபிணைப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். "மீட்டமைப்பு" ரீசெட்டுக்குப் போய்விட்டது, பொது ஆயங்களை ரீசெட் செய்வது வேறு வேலை. "மறுநிறுவல்" மென்பொருள் நிறுவலை நினைவூட்டும். "ஆய உருமாற்றம்" கணிதத்தில் பொதுச்சொல். அதைப் பிடுங்கி ஒரு கட்டளைக்குச் சூட்டுவது சரியல்ல.

> மாதிரியை நேராக நில ஆயத்திலேயே வரைந்துவிட்டால் இந்தச் சொல்லே தேவைப்படாதே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், சொல்லின் தேவையே இதில்தான் இருக்கிறது. புவியை நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் ஆயம் தரும் யூடிஎம் வரைபட முறையில் ஒவ்வொரு மண்டலத்தின் நடுக்கோட்டுக்கும் கிழக்கு மதிப்பு 5,00,000 மீட்டர். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே போகப்போக வடக்கு மதிப்பு 50,00,000 மீட்டரையும் தாண்டும். திரையில் வரைய ஒற்றைத் துல்லிய மிதவை எண்களை (ஏறக்குறைய ஏழு இலக்கங்களை மட்டுமே காக்கும் கணினி எண்களை) பயன்படுத்தும் மென்பொருளில் 5,00,000 அருகே அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 50,00,000 அருகே அது அரை மீட்டர். கதவுச்சட்டத்தின் இரு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதும், வட்டத்தூண் பல்பல்லாகத் தெரிவதும் இதனால்தான். ரெவிட்டில் வடிவங்கள் உள் ஆதிப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. இன்னொன்று, யூடிஎம் நடுக்கோட்டில் அளவுவிகிதம் 0.9996. கட்டடத்தில் 100 மீட்டர் நீளமுள்ள சுவர் வரைபடத்தில் 99.96 மீட்டர்தான். 4 சென்டிமீட்டர் குறைத்துச் சுவர் கட்ட முடியுமா? கட்டடம் தன் சொந்த ஆதிப்புள்ளிக்கு அருகே, தன் சொந்த அளவில் இருக்க வேண்டும். நிலத்தோடு உள்ள உறவு எண்களாகத் தனியே இருக்க வேண்டும். நிலப்பொருத்தம் என்பது அந்த எண்கள்.

அலகுப் பிழையும் இதில் அடங்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் கருத்தில் அடங்காது. மில்லிமீட்டர் கோப்பை மீட்டர் என்று நினைத்து இணைத்தால் ஆயிரம் மடங்கு பிழை, உடனே கண்ணில் படும். அமெரிக்க அளவை அடியையும் பன்னாட்டு அடியையும் குழப்பினால் வேறுபாடு பத்து இலட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனாலும் 20,00,000 அடி என்ற கிழக்கு மதிப்பில் அதுவே 4 அடி ஆகிவிடும். பார்வைக்கு இது நிலப்பொருத்தப் பிழை போலவே இருக்கும். காரணம் அலகு என்பதால் "அலகுப் பிழை" என்று தனியாகவே எழுதுவோம். அலகைச் சரிபார்க்காமல் நிலப்பொருத்தத்தைத் திருத்தினால் ஒரு பிழை மேல் இன்னொரு பிழையை ஏற்றியதாகிவிடும்.

துணைச்சொற்களில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. உள் ஆதிப்புள்ளி, திட்ட அடிப்புள்ளி ("ப்ராஜெக்ட் பேஸ் பாயிண்ட்"), அளவைப் புள்ளி, பொது ஆயங்கள், ஆயம் பெறல் ("அக்வயர்"), ஆயம் வழங்கல் ("பப்ளிஷ்") என்று வைக்கலாம். இலங்கை நண்பர்கள் ஆயத்துக்குப் பதில் "ஆள்கூறு" என்றே எழுதட்டும், நிலப்பொருத்தம் இரண்டோடும் சேரும்.

ஒன்றே ஒன்று எனக்குப் பிடிபடாமல் நிற்கிறது. மென்பொருள் "ட்ரூ நார்த்" என்று சொல்லும் இடத்தில் நாம் பெரும்பாலும் இடுவது வரைபடக் கட்டங்களின் நெடுக்குக் கோடுகள் காட்டும் வடக்கைத்தான், வட துருவம் இருக்கும் உண்மை வடக்கை அல்ல. 45 பாகை அகலாங்கில், மண்டல நடுக்கோட்டிலிருந்து 3 பாகை தள்ளி இருக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய 2.1 பாகை வேறுபாடு. 100 மீட்டர் நீளமுள்ள கட்டடத்தின் மறுமுனை 3.7 மீட்டர் அளவுக்கு விலகிப்போகும். ஆகவே இந்த இரண்டாவது வடக்குக்கும் தெளிவான பெயர் வேண்டும். "கட்ட வடக்கு" என்றால் கட்டடத்தின் வடக்கு என்று படித்துவிடுவார்கள். "வலைக்கட்ட வடக்கு" நீளமாக இருந்தாலும் குழப்பமில்லை. நில அளவையில் இருப்பவர்கள் நடைமுறையில் வேறு சொல் சொல்வதுண்டு என்றால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.