ரெகுலேட்டரி டி செல்: ஒழுங்காற்றா, அடக்கா, தணிப்பா?

நுண்ணோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிளஸ் டூ வகுப்புகளுக்கான சுவரொட்டி ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பொருள், 2025 மருத்துவ நோபல்: மேரி பிரங்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் வேண்டும். ஒன்று ரெகுலேட்டரி டி செல், மற்றது டாலரன்ஸ், அதாவது நோயெதிர்ப்புச் செல்கள் தாக்காமல் விட்டுவைப்பது.

டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகை) நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் வளரும்போதே, சொந்த உடலைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே கழிக்கப்படுகின்றன. சல்லடையில் தப்பி வெளியே வந்தவற்றை அமர்த்துவது ரெகுலேட்டரி வகை. படத்தில் செல்லுக்குப் பக்கத்தில் ஒரு வரிக்குத்தான் இடம். 'நோயெதிர்ப்பை ஒழுங்குபடுத்தும் டி நிணநீர் வெள்ளையணு' என்று போட்டால் அடுத்த செல்லின் தலைமேல் ஏறிவிடும்.

யாப்பு எழுதியது:

'ஒழுங்காற்று' இருக்கிறதே. காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு என்று எல்லோரும் செய்தித்தாளில் படித்த சொல். ஒழுங்காற்று டி செல் என்று வையுங்கள். டாலரன்ஸுக்கு 'சகிப்புத்தன்மை' என்று எட்டெழுத்தில் இழுக்க வேண்டாம், 'பொறை' போதும்.

தும்பை எழுதியது:

ஐயா, 'ரெகுலேட்டரி' என்ற பெயர் வந்த கதை தெரிந்தால் அதை அப்படியே பெயர்க்கத் தோன்றாது. 1970களில் இந்த வேலைக்கு 'சப்ரஸர் டி செல்' என்றுதான் பெயர். எலியின் மரபணுத் தொகுதியில் ஐ-ஜே என்றொரு மரபணு இதற்கு அடையாளம் என்றார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியைப் பிரித்துப் பார்த்தால் அங்கே அப்படி எதுவுமே இல்லை. துறையே கைகழுவியது, சப்ரஸர் என்று எழுதவே ஆளில்லை. சகாகுச்சி 1995இல் வேறு வழியில் வந்தார். எலியின் சிடி4 செல்களிலிருந்து (மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் உள்ள டி செல்கள்) சிடி25 என்ற மேற்பரப்புப் புரதத்தையும் தாங்கியவற்றை (ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு) நீக்கிவிட்டு, மிச்சத்தைத் தைமஸ் இல்லாத எலிக்குள் செலுத்தினார். வயிறு, தைராய்டு என்று சொந்த உறுப்புகளே தாக்கப்பட்டன. நீக்கியதையும் சேர்த்துச் செலுத்தினால் தாக்குதல் இல்லை. வேலை அடக்குவதுதான், கெட்டுப்போன பெயர் வேண்டாம் என்றே ரெகுலேட்டரி நிலைத்தது. ஆங்கிலத்தின் கூச்சத்தைத் தமிழ் ஏன் சுமக்க வேண்டும்? 'அடக்கணு' என்பேன்.

யாப்பு எழுதியது:

அடக்கு + அணு = அடக்கணு. உகரம் கெட்டுப் புணர்ந்தது சரி. ஆனால் அடக்கம் என்றாலே இடுகாடு நினைவுக்கு வருகிறதே. 'தணியணு' எப்படி?

வேர்க்கட்டை எழுதியது:

வினைத்தொகையில் மாட்டிக்கொண்டீர்கள். தணிந்த அணுவா, தணித்த அணுவா? 'தணி' தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒன்றேதான். காலம் மட்டுமல்ல, செய்பவன் யார் என்பதும் தொக்கிவிடும். 'தணிப்பணு' என்றால் ஐயமில்லை. இதை வைத்துத் 'தணிக்கை'யையும் இழுத்து வராதீர்கள். அது உருது வழி வந்தது, தெலுங்கில் தனிகீ. 'தணி'க்கும் அதற்கும் உறவில்லை.

கொழும்புத்துறை எழுதியது:

அணு எண்டால் எங்கட பிள்ளைகளுக்கு வேதியியல் அணுதான். நாங்கள் படிக்கிறது கலம். இம்யூனிட்டி எங்களுக்கு நிர்ப்பீடனம், உங்களுக்குத் தடைக்காப்பு. ஒரு சுவரொட்டி இரண்டு கரைக்கும் போகுமெண்டால் இதையும் யோசியுங்கோ.

வேர்க்கட்டை எழுதியது:

ஆன்டிபாடிக்கு உங்கள் 'பிறபொருளெதிரி' அழகான சொல்தான். ஆனால் அது சொந்த உடலையே தாக்கும்போது என்ன செய்வீர்கள்? 'தன் பிறபொருளெதிரி' என்றால் தன்னதா, பிறரதா?

கொழும்புத்துறை எழுதியது:

உங்கட 'சுயதடைக்காப்பு நோய்' மட்டும் என்னவாம்? தன்னைத்தானே காப்பாத்திக்கொள்ளுறது நோயோ?

நுண்ணோக்கி எழுதியது:

இரண்டு அடியும் சரியாகவே விழுந்திருக்கின்றன, ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. தொழிலைச் சொல்லும் பெயரே வேண்டாமென்றால்? அடையாளப் புரதத்தை வைத்து 'ஃபாக்ஸ்பி3 செல்' என்று போட்டுவிடலாமா? பிரங்கோவும் ராம்ஸ்டெலும் 2001இல் கண்டுபிடித்தது அந்தப் புரதத்துக்கான மரபணுவைத்தானே.

தும்பை எழுதியது:

கூடாது. சிடி25 சாதாரண டி செல் தூண்டப்பட்டாலும் முளைக்கும். மனிதரில் ஃபாக்ஸ்பி3யும் அப்படித்தான், கொஞ்ச நேரம் தலைகாட்டும். மேலும் அது செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் புரதம். சாயமேற்ற வேண்டுமானால் செல்லை நிலைப்படுத்தி, சவ்வில் துளையிட வேண்டும். அதோடு செல் செத்தது. உயிரோடு பிரித்தெடுக்க சிடி25 மிகுந்தும், சிடி127 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம் குறைந்தும் இருப்பவற்றைப் பொறுக்குகிறார்கள். அப்போதும் கலப்பு முழுதாக நீங்காது. அடையாளத்தைப் பெயராக்கினால் நாளைக்கு அடையாளமே மாறும்.

மரபணுவை விளக்க எலியைக் காட்டுங்கள். 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தோன்றிய, தோல் செதிலாக உதிரும் எலி. பழுது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் ஆண் குட்டிக்குத்தான். சில வாரங்களில் இறந்துவிடும். பிரங்கோவும் ராம்ஸ்டெலும் இருபது மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள், பழுது இருபதாவதில் இருந்தது. ஆண் குழந்தைகளுக்கு வரும், சொந்த உடலையே தாக்கும் ஐபெக்ஸ் நோய்க்கும் அதே மரபணுதான். எலிக்குச் 'செதிலெலி' என்று பெயரிடலாம். இதிலாவது சண்டை வேண்டாம்.

வேர்க்கட்டை எழுதியது:

'சொறியெலி' இன்னும் பொருத்தம். போகட்டும். யாப்பு ஐயாவின் 'பொறை'க்கு வருகிறேன். கலித்தொகை என்ன சொல்கிறது? 'பொறை எனப்படுவது போற்றாரைப் பொறுத்தல்'. போற்றார் பகைவர். இங்கே பொறுக்கப்படுவது பகையா? சொந்தக் கணையம், சொந்த மூட்டு. அதே பாட்டில் நான்கைந்து அடி முன்னால் பாருங்கள்: 'அன்பு எனப்படுவது தன்கிளை செறாஅமை'. தன் சுற்றத்தைச் சினவாதிருப்பது. நோபல் குழு தேடிய சொல் இதுதான். செல்ஃப் டாலரன்ஸ் = தன்கிளை செறாமை. 'தற்செறாமை' என்று சுருக்கலாம்.

தும்பை எழுதியது:

கேட்கவே இனிமையாக இருக்கிறது. ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாவையும் சாப்பிட்ட உணவையும்கூட இந்தச் செல்கள் தாக்கவிடுவதில்லை. கருவில் பாதி தந்தையினுடையது, அதையும் தாக்கவிடுவதில்லை. அவை தன்கிளை அல்லவே. அங்கே பொறைதான் பொருந்தும்.

நுண்ணோக்கி எழுதியது:

'செறாமை' என்று போட்டால் எத்தனை மாணவருக்குப் புரியும்? 'செரிமானமின்மை' என்றுதான் படிப்பார்கள்.

யாப்பு எழுதியது:

அது பள்ளிக்கூடத்தின் குறை, சொல்லின் குறை அல்ல.

நுண்ணோக்கி எழுதியது:

இதுவரை வந்த வாக்குக் கணக்கு: ஒழுங்காற்று டி செல் 5, தணிப்பணு 2, அடக்கணு 1, ஒழுங்காற்றுக் கலம் 1. டாலரன்ஸுக்குப் 'பொறை' என்று தலைப்பில் இட்டு, கீழே 'தாக்காதிருத்தல்' என்று விளக்குகிறேன். தற்செறாமையை வேர்க்கட்டை தனிக் கட்டுரையாக எழுதட்டும்.

தும்பை எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. இந்தச் செல் சிடி25 வழியாக, டி செல்கள் பெருகத் தேவையான இன்டர்லியூகின்-2 புரதத்தை உறிஞ்சி, அண்டைச் செல்லைப் பட்டினி போடுகிறது. டி செல்களைத் தூண்டிவிடும் டென்ட்ரிட்டிக் செல்லின் மேலிருக்கும் தூண்டு புரதங்களைச் சிடிஎல்ஏ-4 என்ற தன் புரதம் கொண்டு உருவியெடுக்கிறது. உங்கள் சுவரொட்டியின் மூன்றாவது படத்தில் புற்றுக்கட்டியைச் சூழ்ந்து நின்று, அதைத் தாக்க வரும் செல்களை இதே வழியில் மடக்குகிறது. அந்தப் படத்தின் கீழும் 'ஒழுங்காற்று' என்றே அச்சாகும். மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கொழும்புத்துறை எழுதியது:

என்ர மறுப்பையும். அடைப்புக்குள்ளயாவது 'கலம்' போடுங்கோ.

நுண்ணோக்கி எழுதியது:

போட்டாயிற்று. நன்றி. வடிவமைப்பாளருக்கு அனுப்புகிறேன்.

யாப்பு எழுதியது:

அனுப்புமுன் ஒன்று. 'ஒழுங்காற்றுக் குழு'வில் க் மிகுந்திருக்கிறது. வினைத்தொகையென்றால் மிகக் கூடாது. சரி, ஆற்று என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொள்வோம். அப்படியானால் 'ஒழுங்காற்று டி' என்பதில் ட் மிகுமா? க, ச, த, ப நான்குக்கும் விதி உண்டு. ட மொழிக்கு முதலில் வராது என்பதால் அதற்கு விதியே இல்லை. தைமஸின் முதலெழுத்துதானே அந்த டி? 'த செல்' என்று வைத்தால் 'ஒழுங்காற்றுத் த செல்' என்று இலக்கணம் நேராகிவிடும்.

வேர்க்கட்டை எழுதியது:

'தத செல்' என்று வாசிப்பார்கள்.